கோட்டருகே நின்ற பாட்டு

குளம் வற்றிவிட்டால் தவளைகளுக்குத்தான் கவலை. கீரிகளுக்கோ கொண்டாட்டம்! குளத்து மணலின் நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டு, பொழுது சாயும்வரை கபடி ஆடும்.

இக்கரைக் கீரிகளின் தலைவன் செவலையன். அவனுடைய உயிர்த் தோழன் தவிடன். தவிடன் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்தால், யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டான்.

செவலையனின் தங்கை மிளகி. பாடி வருகிறவன் காலை அவள் பற்றினால் அது உடும்புப் பிடிதான். சொந்த அண்ணனையே பல முறை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள்.

ஆனால் பயிற்சி ஆட்டத்தில் எதிரணியில் நிற்கும்போது, தவிடனை மட்டும் அவளால் மடக்க முடியவில்லை. அவன் கால் கைக்குள் வரும். அப்புறம் என்ன ஆகுமோ, விரல்கள் தாமாகவே தளர்ந்துவிடும். அவன் கோட்டைத் தாண்டிப் போய்விடுவான்.

"ஏன் மிளகி, எல்லாரையும் மடக்குறே. அவனை மட்டும் ஏன் விட்டுடுறே?" என்று கேட்டான் செவலையன்.

"எனக்கே தெரியலையே அண்ணா!" என்றாள் மிளகி. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

செவலையன் யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. தவிடன் வளைக்கு வந்தால் மிளகி பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறாள். அவன் தின்பதற்கு ஒரு முட்டையை முன்னால் உருட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓடுகிறாள். மற்ற நண்பர்களை வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்கிறாள். தவிடனை அண்ணன் என்றும் கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "இதோ பாருங்க" என்பதோடு சரி.

"ஆகா! புரிஞ்சு போச்சு!" என்று துள்ளினான் செவலையன். "அவனைக் கண்டாலே இவளுக்கு ஆகலை! அவன் காலைத் தொடக்கூட அருவருப்பு!"

மறுநாளே தோழனைத் தனியாக அழைத்தான்.

"மச்சான், தப்பா நினைக்காதே. என் தங்கச்சிக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. கொஞ்ச நாள் எங்க வளைப் பக்கம் வராதே. ஆட்டத்துக்கும் வேண்டாம்."

தவிடன் திகைத்தான். "அவளே சொன்னாளா?"

"சொல்லணுமா? என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா!"

தவிடன் வந்த வழியே திரும்பி நடந்தான். ஏன் இத்தனை வருத்தம் என்பதுதான் விளங்கவில்லை. 'ஒருத்திக்கு நம்மேல் வெறுப்பு என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே!' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆறுதலாக இல்லை. அக்கரைக்குப் போய் அங்குள்ள கீரிகளோடு சேர்ந்துவிட்டான்.

இங்கே மிளகி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருட்டி வைத்த முட்டை அப்படியே கிடந்தது.

"அண்ணா, உன் சிநேகிதர் ஏன் வர்றதில்லை?"

"இனிமே வரமாட்டான். நீ நிம்மதியா இரு!"

நிம்மதியா? மிளகிக்குத் தலை சுற்றியது. 'வந்தபோது ஓடி ஒளிந்தேன். வராதபோது தேடுகிறேன். எனக்கு என்னதான் வேண்டும்?' என்று குழம்பி அழுதாள். செவலையனுக்கும் ஒன்றும் புரியவில்லை. தோழன் இல்லாமல் ஆட்டம் சப்பென்று போயிற்று. நல்லதைத்தானே செய்தோம், பிறகு ஏன் வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

வானம் கறுக்கத் தொடங்கியது. மழை வந்து குளம் நிறைந்துவிட்டால், அக்கரைக்குப் போனவர் போனவர்தான். அதற்கு முன்பு இரு கரைக்கும் இடையே ஒரு பெரிய ஆட்டம். நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் கோட்டருகே நின்றது.

கடைசி நேரத்தில் இரு பக்கமும் சமம். இக்கரையில் எஞ்சியிருந்தவள் மிளகி மட்டும். அக்கரையிலிருந்து கடைசியாகப் பாடி வந்தவன் தவிடன்!

"கபடி கபடி கபடி கபடி..."

மிளகி பாய்ந்தாள். கால் சிக்கியது. இந்த முறை விரல்கள் தளரவில்லை. 'இப்போது விட்டால் இனி இல்லை' என்று நினைத்தாள். அந்த நொடியில்தான் அவளுக்குத் தன் மனமே தெரிந்தது.

"தவிடா!" என்றாள். அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. "ஏன் வீட்டுக்கு வரலை?"

அவன் என்ன செய்வான்? பதில் சொன்னால் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றால் ஆட்டம் போய்விடும்.

"கபடி கபடி கபடி..."

"கேக்குறேன்ல? சொல்லு!"

"கபடி கபடி கபடிகபடி..."

மிளகி சட்டென்று இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

"கோடு அதோ இருக்கு. நான் வேண்டாம்னா பாடிக்கிட்டே போயிடு. நான் தடுக்கலை!"

கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "வா! வா!" என்று அலறின அக்கரைக் கீரிகள். தவிடனின் ஒரு கால் கோட்டுப் பக்கம் போனது. மறுகால் நகரவில்லை. பாட்டு நின்றது.

"உனக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னு செவலையன் சொன்னான்!" என்றான் மூச்சிரைக்க.

"நான் சொன்னேனா?"

"இல்லை..."

"பாட்டு நின்றது! அவுட்!" என்று கத்தியது கொக்கு.

இக்கரை வென்றது. ஆனால் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. என்ன நடந்தது என்று புரிந்தால்தானே!

"வாய்க்குள்ள வந்த வெற்றியைத் துப்பிட்டானே! இவனைச் சேர்த்துக்கிட்ட எங்களைச் சொல்லணும்!" என்று அக்கரைத் தலைவன் மணலை வாரி இறைத்தான்.

செவலையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ... நீ அவனை விட்டது?"

"மடக்க மனசு வரலை அண்ணா."

"பேர் சொல்லிக் கூப்பிடாதது?"

"கூச்சம்."

"அந்த முட்டை?"

"இருக்கிறதிலேயே பெரிசாப் பார்த்து எடுத்து வச்சேன்."

செவலையன் மணலில் உட்கார்ந்துவிட்டான். "உன்னை அழ வச்சதும் நான். என் சிநேகிதனை விரட்டினதும் நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றான். அவன் கண் கலங்கியது.

"நானும்தான் கேக்கலை மச்சான்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தான் தவிடன்.

முதல் தூறல் விழுந்தது. அக்கரைக் கீரிகள் அவசர அவசரமாகத் தங்கள் கரைக்கு ஓடின. தவிடன் எழுந்திருக்கவில்லை.

ஒருவர் மனத்தில் உள்ளதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாமே ஊகித்து முடிவு கட்டினால், நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல்தான் செய்வோம்.