மூன்று உவமையும் ஒரு மிடறும்

ஆண்டியப்பனுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எந்த மலைப்பாதையிலும் கை நடுங்காதவர் இப்போது ஒரு கேள்விக்கு நடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் ஆயர் எல்லார் முன்னிலையிலும் கேட்பாராம்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் எப்படி ஒரே கடவுள்? பதில் வராவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை இருப்போமா என்பதுதான் அவர் கவலை.

பாடம் சொன்ன இன்னாசி சாமியாருக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. ஆதித் திருச்சபை அறிஞர்கள் சொன்ன மூன்று உவமைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சூரியன், கதிர், வெப்பம். வேர், மரம், கனி. ஊற்று, ஓடை, வாய்க்கால்.

"எங்கே, சொல்லுங்க ஐயா."

"பிதா சூரியன். சுதன் மரம். ஆவி... வாய்க்கால்." ஆண்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "சூரியன்ல கிளம்பி வாய்க்கால்ல விழுந்துட்டேன் சாமி! லாரியைக்கூட நான் இப்படிக் கவுத்ததில்லை. நமக்கு இது சரிப்படாது. என் பேரை அடிச்சிருங்க."

சாமியார் சிரித்தார். "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

கொஞ்சமா! உச்சி வெயிலில் இரண்டு மைல். வாழைத்தோப்புக்கு வந்து சேர்வதற்குள் ஆண்டியப்பனுக்கு நாக்கு வறண்டுவிட்டது. மலை ஊற்றில் பிறந்து ஓடையாக இறங்கிய தண்ணீர் அங்கே வாய்க்காலில் ஓடியது. மண்டியிட்டு, அள்ளி அள்ளிக் குடித்தார்.

"அப்பாடா!"

"எதைக் குடிச்சீங்க ஐயா? ஊற்றையா, ஓடையையா, வாய்க்காலையா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! தண்ணியைக் குடிச்சேன். மூணுலயும் ஒரே தண்ணிதானே சாமி?" சொன்னவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

சாமியார் விடவில்லை. "குடிச்சதும் யாரையோ கூப்பிட்டீங்களே?"

"நான் யாரையும் கூப்பிடலையே. சும்மா அப்பாடான்னு..."

ஆண்டியப்பன் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் போய்விட்டார். அப்பா என்று கூப்பிட ஆளில்லாமலே இத்தனை வருஷமும் ஓடிவிட்டது. ஈரக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"நானாச் சொல்லலை சாமி. உள்ளே போன தண்ணி சொல்ல வெச்சிருச்சு."

தாளை மடித்துச் சாமியாரிடமே கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை வந்துடறேன். ஆயர் கேட்டா இந்தத் தண்ணியைச் சொல்லிடறேன். ஆனா இதுக்கு நன்றி சொல்லணுமே, யாருக்குச் சொல்ல? பிதாவுக்கா, சுதனுக்கா, ஆவிக்கா?"

"இப்போ அப்பாடான்னீங்களே ஐயா," என்றார் சாமியார், "மூணு தடவையா சொன்னீங்க?"