இன்னும் ஒரு நடை

பூவலிங்கம் ஒரு பஸ் கம்பெனியில் ஓட்டுநர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மனசு கனக்கும்போதெல்லாம் மலையடிவாரத்து மடத்துக்கு வருவார். அங்கிருந்த வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

அன்று காலை வந்தவரின் கண்கள் சிவந்து கிடந்தன.

"தூங்கினீங்களா?"

"எங்கேம்மா தூங்க? கண்ணை மூடினா ஞானதுரை வந்து நிக்கிறாரு."

ஞானதுரை அந்தக் கம்பெனி ஓட்டுநர். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பிறகுதான் மறுபடி வண்டியைத் தொடலாம் என்பது விதி. போன வாரம் அவர் வந்து இறங்கிய நேரத்தில், அடுத்த வண்டியை எடுக்க வேண்டியவர் வரவில்லை. பஸ் நிறைய ஜனம். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

"இன்னும் ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துடுறீங்களா?" என்று பூவலிங்கம் கேட்டார்.

"சரி சார்" என்றார் ஞானதுரை. முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறினார்.

வளைவில் கண் அசந்துவிட்டது. பஸ் மரத்தில் மோதியது. பயணிகள் காயத்தோடு தப்பினார்கள். அவர் தப்பவில்லை.

"துக்கத்துக்குப் போனேன். அவர் சம்சாரம் என்னை ஒரு வார்த்தை ஏசலை. 'நீங்க கேட்டா அவரு தட்ட மாட்டாரே சார்'னு மட்டும் சொன்னாங்க. நான் கட்டாயப்படுத்தலம்மா. முடியாதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். ஏன் சொல்லாமப் போனாரு?"

"கிணத்துல தண்ணி இறைச்சுத் தொட்டியை நிரப்புங்க" என்றார் வடிவம்மை.

"சரிம்மா."

தொட்டி நிரம்பியது.

"தொழுவத்தைக் கழுவி விட்டுடுங்க."

"சரிம்மா."

வெயில் ஏறிவிட்டது. பூவலிங்கம் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடிவம்மை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அந்த நெல் மூட்டையையும் உள்ளே கொண்டாந்துடுங்க."

"சரிம்மா."

மூட்டையைத் தூக்கி நாலடி வைத்திருப்பார். முழங்கால் மடங்கியது. வாசல்படியில் குப்புற விழுந்தார். மூட்டை பிரிந்து நெல் சிதறியது.

வடிவம்மை ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். நெற்றியில் கசிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினார்.

"முடியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லும்போது நான் எப்படிம்மா..."

பூவலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டார். துக்க வீட்டில்கூட வராத அழுகை அப்போது வந்தது.

அழுது ஓயும்வரை வடிவம்மை பக்கத்திலேயே இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து விரித்தார்.

"படுங்க. நீங்க வந்ததுமே நான் இதைச் சொல்லியிருக்கணும்."