ஆவுடை படித்துக் காட்டினாள்

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் என்றால் வாத்தியார் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொல்வதுதான். இது போதாது, எழுத்தைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள் வாத்தியார்களில் சிலர். காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது என்றார்கள் மற்றவர்கள். பொழுது விடிந்தால் இதே சண்டை.

மடத்துத் தலைவர் பெரிய சாமியின் சீடன் ஆனையப்பன் நகரத்தில் கல்வியாராய்ச்சி படித்து வந்தவன். வெறும் வாய்ப்பேச்சு எதற்கு, அளந்து பார்த்துவிடலாம் என்றான். நல்ல யோசனைதான். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்து, "படி" என்றான். எவ்வளவு வேகம், எத்தனை பிழை என்று குறித்துக்கொண்டான்.

எல்லாரும் மடமடவென்று படித்தார்கள். அதிலும் ஆவுடை என்ற சிறுமிக்கு ஒரு சொல் தட்டவில்லை. பழைய முறையே நல்ல முறை, இதோ ஆதாரம் என்று ஆனையப்பன் சொல்லிவிட்டான். பெரிய சாமியும் சரி என்றார்.

ஆவுடை ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போனாள். அங்கே வேறு புத்தகம். எழுந்து நின்றவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படிப்பு வராத பிள்ளை என்று அவள் அப்பா ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்.

இது ஆனையப்பன் காதுக்கு எட்டியது. பாவி, என்ன காரியம் செய்தோம் என்று அவளைத் தேடிப் போனான்.

"எழுத்து தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தாயி?"

"நீங்க படின்னுதான சொன்னிய சார். படிச்சேம்லா."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த மடத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பதற்குப் பெயர்தான் படிப்பது.

திரும்ப வா, நானே எழுத்து சொல்லித்தருகிறேன் என்று கெஞ்சினான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மடத்துக்குத் திரும்பி, பெரிய சாமியின் எதிரில் உட்கார்ந்ததும் ஆனையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாமி, நான் அளந்த விதம் தப்பா, அளந்ததே தப்பா?"

பெரிய சாமி அவன் தோளில் கை வைத்தார்.

"அளக்காம இருந்த நான் மட்டும் என்னத்தக் கண்டேன்? அவ ஒப்பிக்கிறப்ப எல்லாம் கண்ண மூடிக்கிட்டு ரசிச்சேன். நீ கடிகாரத்தப் பாத்த. அவ கண்ணு புத்தகத்துல இருந்துச்சான்னு ரெண்டு பேருமே பாக்கலியேப்பா."