கதிரைக் கொடுத்து மானியம் கேட்ட கூரி

வற்றிப்போன ஒரு குளத்தங்கரையில் கூரி என்ற பெண் முள்ளம்பன்றி தினை போட்டிருந்தாள். பாதிப் பயிர் கருகிவிட்டது. மீதிப் பாதி எப்படியோ தாக்குப்பிடித்துக் கதிர் விட்டிருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் மணி முழுதாக முற்றிவிடும். கிடைக்காவிட்டால் வளையில் இருக்கும் இரண்டு குட்டிகளுக்கும் பட்டினிதான்.

கூரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பேரம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளில்லை.

ஒரு சாயங்காலம் நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"கூரியக்கா! சிங்கராஜா வறட்சி மானியம் அறிவித்துவிட்டார்! காலையில் யானை அதிகாரி பார்வையிட வருகிறார். அடியோடு அழிந்த வயலுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம்! பாதி நிற்கிற வயலுக்கு ஒரு மணிகூடக் கிடையாது!"

கூரி வயலைத் திரும்பிப் பார்த்தாள். "என் வயல் பாதி நிற்கிறதே!"

"அதனால்தான் ஓடி வந்தேன். கதிரை இப்போதே அறுத்துவிடு. உன் வளையில் வைத்தால் யானை மோப்பம் பிடித்துவிடும். என் குகையில் ஒளித்துவைக்கிறேன். அதிகாரியிடம் பேசுவதும் என் பொறுப்பு. தரகு, கதிரில் சரிபாதி!"

கூரியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. "சரிபாதியா? களை பறித்தது நீயா? காவல் கிடந்தது நீயா? பத்தில் ஒன்று தருவேன்!"

"கட்டுப்படியாகாது அக்கா! மூன்றில் ஒன்று!"

"போடா, போய் வேறு வயலைப் பார்!"

கூரி முதுகைத் திருப்பிக்கொண்டாள். நிஜமாகவே போய்விட்டால்? பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன நரி திரும்பி வந்தது. "சரி, எட்டில் ஒன்று! உன் குட்டிகள் முகத்துக்காக!"

பக்கத்து வயல் ஆமை தலையை நீட்டியது. "கூரி, ராஜா உத்தரவை உன் காதால் கேட்டாயா?"

"சும்மா கிட அண்ணே! நரியையே எட்டில் ஒன்றுக்கு இறக்கியிருக்கிறேன். எனக்கா பேரம் சொல்லித்தருகிறாய்?"

"தரகைக் குறைத்தாய், சரி. மானியம் நரி கையிலா இருக்கிறது?"

கூரி வயலுக்குள் இறங்கினாள். இருட்டுவதற்குள் அறுத்தாக வேண்டுமே! கதிரைக் கடித்துக் கடித்துப் போட்டாள். நரி சுமந்துகொண்டு போனது. கடைசியில் ஒரு தாள்கூட நிற்காமல் அவளே மிதித்துத் துவைத்தாள்.

காலையில் நிலம் அதிர்ந்தது. யானை வந்தது. கூரி வயல் நடுவே விழுந்து புரண்டாள்.

"எல்லாம் போச்சு ஐயா! ஒரு கதிர்கூட மிச்சமில்லை!"

யானை பெருமூச்சு விட்டது. "அடப் பாவமே! நிற்கிற பயிருக்குத் தண்ணீர் விடத்தானே ராஜா மானியம் கொடுத்தார்! மலைச் சுனையிலிருந்து எங்கள் கூட்டமே சுமந்து வருகிறோம். நிற்காத பயிருக்கு நான் எப்படி ஊற்ற?"

துதிக்கை பக்கத்து வயலுக்குத் திரும்பியது. ஆமையின் அரைகுறைத் தினையில் தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது.

கூரி நரியின் குகைக்கு ஓடினாள். உள்ளே நரியும் இல்லை, கதிரும் இல்லை. வாசலில் கொஞ்சம் உமி மட்டும் காற்றில் சுழன்றது.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவளை ஆமை கூப்பிட்டது. "என் வயலில் களை எடுக்க வருகிறாயா? அறுப்பில் பத்தில் ஒரு பங்கு தருகிறேன்."

'ஒரு பங்குதானா?' என்ற கேள்வி கூரியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். நேராக ஆமையின் வயலில் இறங்கிக் காலால் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். அடிவரை ஈரம் இருந்தது.

பிறகுதான் நிமிர்ந்தாள். "ஒரு பங்கெல்லாம் கட்டாது அண்ணே! குட்டி ரெண்டு இருக்கு. மூன்று பங்கு சொல்லு!"

விற்கிறவன் கையில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் விலையை மட்டும் குறைத்தவன், பேரத்தில் ஜெயித்தாலும் பட்டினிதான் கிடப்பான்.