செம்மண் ஒட்டிய குளம்புகள்

மழைமேகம் மலை முகட்டைத் தொட்டதுமே சாரலி என்ற வரையாடு காற்றை மோந்து பார்த்தது. மந்தை ஒதுங்கும் குகை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போக இரண்டு வழி. மேலே முகட்டு வழி, வெறும் வழுக்குப் பாறை. கீழே கணவாய் வழி. எந்தப் புயலிலும் அங்கே காற்று அடிக்காது. ஆனால் செம்மண் சேறு!

அந்தச் சேறுதான் வம்பு. குளம்பில் செம்மண்ணோடு வருகிற ஆடு கோழையாம். அதற்கு, குகையில் மந்தை நக்கும் உப்புப் பாறையில் கடைசி இடமாம். தலைவன் வளைகொம்பன் போட்ட சட்டம்!

சாரலியின் குட்டி மொட்டு இப்போதுதான் ஓடப் பழகியிருந்தது. காற்றில் அதன் கால்கள் தள்ளாடின.

"தலைவரே, இன்றைக்குக் கீழே போவோமே!"

"சேற்றிலா? நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் முகட்டில் நடந்தவர்கள்!"

"தள்ளாடுகிற குட்டியைக் கூட்டிக்கொண்டா நடந்தார்கள்?"

"வாயாடி!" மந்தை சிரித்தது. "போ, போ! கடைசியில் நக்க வெறும் பாறைதான் மிஞ்சும்!"

"வெயிலில் படுத்துக்கொண்டு போட்ட சட்டம்தானே? இந்தக் காற்றில் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள், பார்ப்போம்!"

வளைகொம்பன் வாயைத் திறந்தது. காற்று அதை இரண்டடி பின்னால் தள்ளியது. ஆனாலும் விறைப்பாக முகட்டையே பார்த்தது.

சாரலி குட்டியோடு கீழே இறங்கியது.

கணவாயில் மூடுபனி. பக்கத்தில் வரும் மொட்டின் வால்கூடத் தெரியவில்லை.

"அம்மா, பின்னால் என்னவோ வருது!"

சளக்... சளக்...

சிறுத்தையோ? சிறுத்தை இப்படியா சத்தம் போடும்? போடாது. போட்டால்? சாரலி குட்டியைப் பாறையோடு ஒண்ட வைத்துக் கொம்பைத் தாழ்த்தியது.

"யாரது? கிட்ட வந்தால் குத்திவிடுவேன்!"

"கத்தாதே தாயே! நான்தான்!" பனிக்குள்ளிருந்து வளைகொம்பனின் தலை நீண்டது. "உனக்குத் துணையாக வந்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே!"

"தலைவரா அது?" பின்னால் இன்னொரு குரல். "நானும்... சும்மா... துணைக்குத்தான்!"

அதற்கும் பின்னால் இன்னொன்று. மந்தை முழுவதும் ஒன்றுக்கு ஒன்று தெரியாமல் அங்கேதான் வந்துகொண்டிருந்தது!

எல்லாம் உயிரோடு குகையை அடைந்தன. உப்புப் பாறை முன் மொட்டு எல்லாக் கால்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"எல்லார் காலிலும் செம்மண்! அப்போ கடைசியில் யார் நிற்கணும்?"

ஆடுகள் தங்கள் குளம்புகளைத் தரையில் தேய்த்தன.

"சொல்லுங்கள் தலைவரே, சட்டம் உங்களுடையதுதானே!" என்றது சாரலி.

வளைகொம்பன் முட்டிவரை சிவந்த தன் கால்களைப் பார்த்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தது.

உயிர் காக்கும் வழியைக் கோழையின் வழி என்று ஏசுகிறவர்களும் ஆபத்து வந்தால் அதிலேயே ஒளிந்து நடப்பார்கள். அவர்கள் வாய்க்குப் பயந்து நம் பிள்ளைகளைப் பலி கொடுக்கக் கூடாது.