துரையின் நாய்களுக்குப் பால்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கொண்டான்குளத்தில் நடந்த கதை இது. கேட்டுவிட்டு அவசரப்படாமல் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மழை பொய்த்த வருஷம். குளம் வெடித்துக் கிடந்தது. மாடுகளில் பாதி செத்துப்போயின, மீதி மடி வற்றி நின்றன. ஊரில் கறவை என்று இருந்தது சீனியம்மாளின் பசு ஒன்றுதான். சீனியம்மாளுடைய தங்கை பிரசவத்தில் கண்ணை மூடிவிட்டாள். அவள் விட்டுப்போன கைக்குழந்தை அந்தப் பசுவின் பாலில்தான் உயிர் வளர்த்தது.

அந்தச் சமயம் பார்த்துப் புது சப்-கலெக்டர் துரை குளக்கரைத் தோப்பில் முகாம் போட்டார். துரை முகாம் என்றால் கோழி, முட்டை, விறகு எல்லாம் ஊரார் கொடுத்தாக வேண்டும். அதைத் திரட்டித் தருவது கிராம முன்சீப் ஆவுடைநாயகம் பிள்ளையின் பொறுப்பு. துரையின் சேவகர்களுக்குத் தலைவனான டபேதார் அவரைக் கூப்பிட்டு, "நாய் ரெண்டு வந்திருக்கு. காலையில ஒரு செம்புப் பால் வந்துரணும்" என்றான்.

பிள்ளை உடனே கிளம்பினார். ஊர்க்காவல் பார்க்கும் தலையாரி பேச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு நேரே சீனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இது தாயில்லாப் பிள்ளை குடிக்கிற பாலு. உங்களுக்குத் தெரியாததா?"

"துரை போற வரைக்கும்தாம்மா. அதுவரைக்கும் கஞ்சித் தண்ணியக் குடு."

அவள் நகரவில்லை. பிள்ளையே குனிந்து, கறந்து வைத்திருந்த பால் செம்பை எடுத்துத் தலையாரியிடம் நீட்டினார். உள்ளே குழந்தை சிணுங்கியது. அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அன்றிலிருந்து பேச்சிமுத்துதான் தினமும் பால் கொண்டுபோனான். ஆனால் முன்சீப் அறியாமல் அவன் ஒரு காரியம் செய்தான். பாதிப் பாலைச் சீனியம்மாளிடமே விட்டுவிட்டு, மீதியில் தண்ணீரைக் கலந்து முகாமில் கொடுத்தான். சில நாளில் டபேதார் அதைக் கண்டுபிடித்துவிட்டான். தோப்பில், எல்லார் கண்ணெதிரிலும், பிரம்பால் விளாசினான். பேச்சிமுத்து வாயைத் திறந்து காரணம் சொல்லவில்லை. முன்சீப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், "ஏண்டா அப்படிச் செஞ்சே?" என்று கேட்டார்.

"அந்தப் புள்ள பசியில அழுவுறது எங்க தெரு வரைக்கும் கேக்குதுங்க ஐயா. உங்க வீட்டுக்குக் கேக்கலியா?"

கேட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர் அவர். அன்று வீட்டாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தலையாரி அடிபட்ட செய்தி சீனியம்மாள் காதுக்கு எட்டியது. மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தடுத்த சேவகர்களைத் தள்ளிக்கொண்டு, துரையின் கூடாரத்துக்குள்ளேயே போய்விட்டாள்.

"உங்க நாய் குடிக்கிறது இந்தப் பிள்ளையோட பாலு, துரை."

துரைக்குத் தமிழ் தட்டுத் தடுமாறி வரும். அவர் திகைத்துப்போய் டபேதாரைப் பார்த்தார். "என் நாய்க்குச் சோறும் கறியும் போதும். பால் யார் கேட்டது?"

டபேதார் கைகட்டிக் குனிந்தான். "முன்ன இருந்த துரை கேப்பாருங்க. தாங்களும் கேப்பீங்கன்னு நெனச்சு..."

துரையின் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். டபேதாரை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார். டப்பாப் பால் கொண்டுவரச் சொன்னார். அவள் வாங்கவில்லை. "எங்க மாட்டுப் பாலை எங்களுக்கு விட்டாப் போதும்" என்று சொல்லி நடந்தாள். கூடாரத்து வாசலில் கூடியிருந்தவர்கள் துரையைத் தர்மப் பிரபு என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த முன்சீப் பக்கம் துரை திரும்பினார். "நீர் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கேட்காத பாலை, ஒரு சிசுவின் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் முன்சீப் வேலையை ராஜிநாமா செய்தார். துரைக்கு வருத்தம். "தப்பைத்தான் திருத்திவிட்டேனே, பிறகு ஏன் போகிறீர்?" என்றார்.

"நீங்க நல்லவர், துரை. கெட்டவரா இருந்திருந்தா பழியை உங்க மேல போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். உங்களை நெனச்சாலே நடுங்குற மாதிரி என்னை ஆக்கி வெச்சிருக்கே, அந்த ராஜ்யம் எனக்கு வேண்டாம்."

அந்த வருஷமே அவர் கதர் உடுத்தினார். வெள்ளையர் ஆட்சியே கூடாது என்று ஊர் ஊராகப் பேசப் போனார்.

கொண்டான்குளத்தில் வாக்குவாதம் கிளம்பியது. துணிந்து கேட்டதால்தான் நியாயம் கிடைத்தது, சீனியம்மாள் செய்ததே சரி என்றார்கள் சிலர். யாரிடமும் கெஞ்சாமல் குழந்தையின் பசியை ஆற்றிய பேச்சிமுத்து செய்ததே சரி என்றார்கள் வேறு சிலர். பதவியையே உதறிய பிள்ளை இருக்க மற்றவர்கள் எதற்கு என்றார்கள் அவருடைய உறவுக்காரர்கள். நல்ல துரை வாய்த்த பிறகும் அந்த ஆட்சியை வேண்டாம் என்றது நன்றிகெட்டதனம் என்றும் ஒரு கட்சி இருந்தது.

நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி? துரை நல்லவராக இருந்தும் பிள்ளை விடுதலை கேட்டது ஏன்?

விடை: வேளைக்குச் செய்த சரியான காரியம் பேச்சிமுத்துவுடையது. கூடாரத்தில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சீனியம்மாளின் துணிச்சல் பெரிது. ஆனால் பழைய துரை இருந்திருந்தால் அவளுக்கும் பிரம்படிதான். ஒரு குழந்தையின் பால், யாரோ ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி இருக்கலாமா? கடைசியாக விழித்துக்கொண்ட பிள்ளைக்கு இந்தக் கேள்விதான் பிடிபட்டது. விடுதலை கேட்டதும் அதனால்தான். ஆனால் தாம் செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. விடுதலை ஊர்வலம் போகும்போது அவருக்கு மாலை போட்டு முன்னால் நிற்கச் சொல்வார்கள். அவர் மாலையைக் கழற்றிவிட்டு, ஊர்வலத்தில் கூட வரும் பேச்சிமுத்துவுக்குப் பின்னால் போய் நடப்பார்.