கரையில் நின்ற எருமைகள்

எங்க ஊர் வாய்க்காலுக்குக் குறுக்கே புதுசா ஒரு இரும்புப் பாலம் போட்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே முருகாயி அக்காவின் எருமைகள் அதில்தான் போகும். எனக்குப் பார்த்ததிலிருந்தே சந்தேகம். கம்பிகள் ரொம்ப ஒல்லி. அதை வெளியிலேயும் சொல்லிவிட்டேன்.

தலைவரும் முருகாயி அக்காவும் பார்த்திருக்க, கான்ட்ராக்டரின் இன்ஜினியர் சத்தியசீலன் லேப்டாப்பைத் திறந்தார். பாலம் எடை தாங்குமா என்று கணக்குப் போட்டுக் காட்டும் படம். அதில் பாலத்துக் கம்பி எல்லாம் பச்சை; தாங்கும் என்று அர்த்தம்.

"பிளஸ் டூ முடிக்காத பொண்ணு சந்தேகப்படுதாம். தப்பு எங்கேன்னு இதுலயே காட்டும்மா. முடியலைன்னா தலைவர் கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு கம்பி மேலேயும் விசை பூஜ்யம்னு இருந்தது.

"சார், அக்காவோட பத்து எருமையை இதுல ஏத்துங்க."

சிரித்துக்கொண்டே எடையைத் தட்டினார். பச்சை. பூஜ்யம்.

"இன்னும் பத்து."

அப்பவும் பூஜ்யம்.

"பலத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் சார். நான் ஒருத்தி ஏறினாலே கம்பிக்குக் கொஞ்சமாவது தெரியணும். இருபது எருமை ஏறியும் தெரியலைன்னா, எருமை எங்க நிக்குது?"

எடையைக் காட்டும் அம்புக்குறி பாலத்து மேலேயே இல்லை. ஓரத்தில், கரைத் தூணின் தலையில் நின்றது.

தலைவர் குனிந்து பார்த்தார். "நடுவுல தள்ளுங்க தம்பி."

சத்தியசீலன் கையை எடுத்துக்கொண்டார். நானே தள்ளினேன். கம்பிகள் சிவந்தன.

தலைவர் பேனாவை மூடினார்.

முருகாயி அக்கா மட்டும் சொன்னார்: "என் எருமைக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு தம்பி. அதான் கரையிலேயே நின்னுருச்சு."